ஊருக்கெல்லாம் ஓடிய கார்

நிந்தவூர்
12.10.2025

அன்பு மகன் ஜுனைடுக்கு வாப்பா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதம் வந்து சேரும் நேரம் நீயும் மருமகள் றுஸ்னாவும் சின்னவள் சிபானாவும் நோய் நொடி அண்டாமல் இருக்க வல்ல நாயன் காவலாக இருப்பானாக. இங்கே நானும் உம்மாவும் அவன் புண்ணியத்தில் சாப்பிட்டு, தொழுது, சண்டை பிடித்துக்கொண்டு நலமாகவே இருக்கிறோம். கடிதத்தைக் கண்டு பயந்துவிடாதே, இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தால் உம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்லுவாள், உன் தங்கச்சி ஷாஹினா குசினியிலிருந்தே பதில் சொல்லுவாள், அவள் பிள்ளைகள் இரண்டும் நடுவில் புகுந்து சலாம் சொல்லும், கடைசியில் நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். இது அப்படி நின்றுபோகக் கூடாத விஷயம் என்பதால் சுபஹு தொழுத கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஊர்ப் புதினம். மாரி வெள்ளாமைக்கு வயல் உழுது போட்டாயிற்று, மழை வருகிற மாதிரிக் காட்டிவிட்டுத் திருக்கோவில் பக்கம் போய்விடுகிறது. வாய்க்கால் துப்புரவு நேற்றுத்தான் முடிந்தது, வழமை போலப் பாதிப் பேர் வரவில்லை, வராதவர்கள் எல்லாரும் முதல் தண்ணி தங்களுக்கு வேண்டும் என்று என்னிடம் வந்து நிற்கிறார்கள். இந்த வட்டவிதானை வேலையை விட்டுவிடச் சொல்லி நீ மூன்று வருடமாகச் சொல்கிறாய், நானும் விட நினைக்கிறேன், விவசாயிகள் கூட்டம் போட்டு மறுபடி என் பெயரையே சொல்கிறார்கள், எனக்கும் வேண்டாம் என்று சொல்ல வாய் வருவதில்லை. எந்த வயலுக்கு எந்த நாள் தண்ணி என்று பங்கிட்டே பழகிப்போனவனுக்கு வீட்டில் சும்மா இருக்கவும் ஏலாது. ஷாஹினாவின் மாப்பிள்ளை கடைக்குப் புதுக் குளிர்சாதனப் பெட்டி வாங்கிப் போட்டிருக்கிறார், உம்மா சீனி வருத்தத்தை வைத்துக்கொண்டு அது நன்றாகக் குளிர்கிறதா என்று நாளுக்கொரு யோகட் எடுத்துச் சோதித்துப் பார்க்கிறாள்.

இனிக் கார் விஷயம். போன வெள்ளிக்கிழமைக்கு முந்திய வெள்ளி நீ போனில் கேட்டாய், வாப்பா இந்தக் காரை வெச்சிரிக்கிறதா விக்கிறதா எண்டு யோசிக்கிறன், நீங்க என்ன சொல்றீங்க என்று. காரணங்களும் சொன்னாய். கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குக் காலி வீதி நெரிசலில் காரில் போனால் ஒரு மணித்தியாலம், ரயிலில் இருபது நிமிடம் என்றாய், வேலை நாள் முழுக்கக் கார் கீழே தூசி பிடித்து நிற்கிறது என்றாய், வீட்டுக்காரர் பார்க்கிங்குக்குத் தனியாகக் காசு கேட்கிறார், ரோட்டில் விட்டால் போகிற வருகிறவன் கண்ணாடியை இடித்துவிட்டுப் போகிறான் என்றாய். நீ முடிக்க முதலே நான் பாய்ந்துவிட்டேன். ஒருக்கா வித்தா இந்த நாட்டில திரும்ப வாங்க ஏலுமா மனெ, வாகன இறக்குமதியை நிற்பாட்டியிருந்த காலத்தில் ஓட்டைக் காருக்கே என்ன விலை சொன்னார்கள் என்று மறந்துவிட்டாயா, குழந்தை இருக்கிற வீடு, அந்தரம் அவசரம் வந்தால் என்ன செய்வாய், சாய்ந்தமருதில் உன் மாமனார் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். நீ ஓம் வாப்பா என்றாய். நான் நல்ல புத்தி சொன்ன திருப்தியில் அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மூன்று நாள் கழித்துத் திங்கட்கிழமை, பள்ளிச் சந்தியில் துணிக்கடை வைத்திருக்கும் நம் ஸஹீத் ஹாஜியார் மக்காவுக்குப் போய் உம்றா முடித்து வந்து வீட்டுக்கு வந்தார். சம்சம் தண்ணியும் பேரீச்சம்பழமும் ஒரு தொழுகைப் பாயும் கொண்டுவந்து தந்துவிட்டு உட்கார்ந்து உன் புகழ் பாடத் தொடங்கினார். அவரையும் மனுசியையும் பெட்டிகளோடு புறக்கோட்டையில் ஏற்றிக் கட்டுநாயக்க விமான நிலையம் வரைக்கும் கொண்டுபோய் விட்டாயாம், வழியில் சாப்பாடும் வாங்கிக் கொடுத்தாயாம், காசு நீட்டியபோது கையைத் தட்டிவிட்டாயாம். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் மீசையைத் தடவிக்கொண்டு இருந்திருப்பேன். அவர் மேலும் சொன்னார், உங்கட மகன்ட பொறுமைய என்னெண்டு சொல்ற காக்கா, போற வழியில மூணு தரம் போன் வந்திச்சு, மருமகள் போல, அழுற சத்தம் எங்களுக்கும் கேட்டிச்சு, புள்ளைக்கிக் காய்ச்சல் கூடிட்டாம், அவரு கொஞ்சமும் பதறல்ல, ஹாஜியார இறக்கிப்போட்டு வாறன், நீங்க ஒரு ஓட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போங்க எண்டு சொல்லிட்டு எங்கள நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டாரு, இந்தக் காலத்தில ஆரு இப்பிடி என்று. அவர் பாராட்டாகத்தான் சொன்னார் மகன், அவர் மனதில் கள்ளம் இல்லை. நானும் அவர் முன்னால் மாஷா அல்லாஹ் என்று சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் போன பிறகு பேரீச்சம்பழத்தை அப்படியே மூடி வைத்துவிட்டு உம்மாவைத் தேடிப் போனேன்.

உம்மாவிடம் கேட்டேன், இது உனக்குத் தெரியுமா என்று. அவள் முந்தானையைச் சரி செய்துகொண்டு ஓம் என்றாள். சிபானாவுக்குக் காய்ச்சல் தலைக்கேறி வலிப்பும் வந்து, றுஸ்னா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழையில் ரோட்டுக்கு வந்து, மூன்று ஓட்டோ நிறுத்தாமல் போய் நான்காவதுதான் நின்றதாம். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்களாம். எல்லாருக்கும் தெரியும், ஷாஹினாவுக்கும் தெரியும், எனக்கு மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்லல்ல என்று கோபமாகக் கேட்டேன், உம்மா இதுக்குத்தான் என்றாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அதே கிழமை றுஸ்னா போனில் என்னோடு கதைத்தாள், மாமா மூட்டு வலி எப்பிடி, எண்ணெய் முடிஞ்சா சொல்லுங்க அனுப்பி வெக்கிறன் என்று கேட்டாள், பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது. ஹாஜியாருக்கு உன் நம்பரைக் கொடுத்து, உன்னை அந்தக் காரில் ஏற்றி அனுப்பியவன் நான்தானே.

அதற்குப் பிறகு இருந்து யோசித்துப் பார்த்தேன். இரண்டு வருடத்தில் நான் உன் நம்பரைக் கொடுத்தனுப்பிய ஆட்களை விரல் விட்டு எண்ணத் தொடங்கி, விரல் போதாமல் விட்டுவிட்டேன். விமானத்துக்குப் போனவர்கள், வந்தவர்கள், பாஸ்போட் எடுக்கப் போனவர்கள், பெண் பார்க்கப் போனவர்களுக்குக்கூட உன்னைத்தான் சொன்னேன். பள்ளியில் யாராவது கொழும்புக்குப் போகிறேன் என்று வாய் திறந்தால் போதும், அவர் கேட்க முதலே நான், நம்மட மகன் இரிக்கான், கார் இரிக்கி, ஒண்டுக்கும் யோசிக்காதங்க என்று விடுவேன். வாய்க்கால் தண்ணியைப் பங்கிடுகிற மாதிரி உன் ஞாயிற்றுக்கிழமைகளை ஊருக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறேன். வீரமுனைப் புண்ணியமூர்த்தியின் மனைவிக்கு ஒப்பரேஷன் நடந்தபோது நீ போனாயே, அதில் எனக்கு மனக்குறை இல்லை, அந்த மனுசனுக்குக் கொழும்பில் வேறு யாரும் கிடையாது, நம் வயலுக்குப் பக்கத்து வயல்காரன், அவனுக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வது. ஆனால் திரும்பி வந்து அவன்தான் என்னிடம் சொன்னான், விதானையார், தம்பி எங்களுக்காக ரெண்டு நாள் லீவு போட்டவர், பாவம், ஒவ்வொரு ஆளுக்கும் இப்பிடி எண்டா வேலையில என்ன சொல்லுவாங்க என்று. நான் அதெல்லாம் அவன் பார்த்துக்குவான் என்று அடக்கிவிட்டேன். உதவி வாங்கியவனுக்குப் புரிந்தது எனக்குப் புரியவில்லை.

ஏன் இப்படிச் செய்தேன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பதில் சொல்ல மூன்று நாள் பிடித்தது, அதையும் எழுதிவிடுகிறேன். நம் பகுதியில் பெண் பிள்ளைக்கு வீடு, ஆண் பிள்ளை போகிற வீட்டுக்கு. வீட்டை ஷாஹினாவுக்கு எழுதினேன், உன்னை நிக்காஹ் அன்றைக்குச் சாய்ந்தமருதில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். எல்லாரும் செய்வதுதான், என் வாப்பாவும் என்னை அப்படித்தான் கொண்டுவந்து உன் உம்மா வீட்டில் விட்டார், அன்றைக்கு அவர் எப்படித் திரும்பிப் போனார் என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. பெருநாளைக்கு நீ முதலில் அங்கே போய்விட்டு பின்னேரம் அஸருக்குப் பிறகு இங்கே வருவாய், உம்மா காலையிலிருந்து வாசலைப் பார்ப்பாள், நான் பார்க்காத மாதிரி இருப்பேன். குறை சொல்லவில்லை, அதுதான் முறை. பிறகு நீ கொழும்புக்குப் போனாய், கார் வாங்கினாய். அந்தக் கார் வந்த பிறகுதான் ஊரில் மறுபடி மீராமுகைதீன்ட மகன் என்று உன்னைச் சொல்லத் தொடங்கினார்கள். அதைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது மகன். நான் சொன்னால் நீ செய்வாய் என்று ஊர் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அந்த ஆசைக்கு உன் வீட்டையும் உன் பிள்ளையையும் இழுத்துவிட்டேன்.

ஆகவே விக்காதே என்று நான் சொன்னதை இத்தோடு திரும்ப எடுத்துக்கொள்கிறேன். விற்றுவிடு என்றும் சொல்லமாட்டேன், ஒரு தரம் பட்டது போதும். நீயும் றுஸ்னாவும் இருந்து கதையுங்கள். நிந்தவூர் என்று ஓர் ஊரே இல்லை என்று வைத்துக்கொண்டு பாருங்கள், உங்கள் மூன்று பேருக்கும் அந்தக் கார் எத்தனை நாள் தேவைப்பட்டது, எத்தனை நாள் தொந்தரவாக நின்றது என்று. ரயிலும் கூப்பிட்டால் வருகிற வாகனமும் போதும் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள், மாமனார் வீட்டில் நான் பேசிக்கொள்கிறேன். பிள்ளையை நினைத்து வைத்திருப்பதென்றால் ஒன்று மட்டும் கேட்கிறேன், றுஸ்னாவுக்கு ஓட்டப் பழக்கு. சாவி ஓர் ஆளின் சட்டைப்பைக்குள் மட்டும் கிடந்தால் அவசரத்துக்கு அந்தக் கார் உதவாது என்று இப்போது கண்டாயிற்று. அவள் பயப்படுவாள் என்று சொல்லாதே, மழையில் வலிப்பு வந்த பிள்ளையோடு தனியாக நின்றவளுக்குக் காலி வீதி ஒரு பொருட்டா.

நம்பர் கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு சந்தி ஸஜாத் வந்தான், அவனுக்கு மூத்த காக்கா கட்டாரிலிருந்து வருகிறாராம், ஜுனைடுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்க மாமா என்றான். ஏலாது மனெ, வேன் ஒண்டு புடிச்சுக்கங்க என்றேன். அவன் நம்பாமல் என்னைப் பார்த்தான், ஏன் மாமா, மகன் மாறிட்டாரா என்று கேட்டான். மகன் ஓம் எண்டுதான் சொல்லுவான், நான்தான் வேணா எண்டு சொல்றன் என்றேன். உம்மா ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டான், நேற்றுப் பள்ளியில் சலாத்துக்குப் பதிலும் பாதி வாயில்தான் வந்தது. கஷ்டமாகத்தான் இருக்கிறது, இந்த வயதில் புதிதாக ஒரு சொல் பழகுகிறேன். யாராவது உனக்கு நேரே எடுத்தால் வாப்பாட்டக் கேளுங்க என்று சொல்லிவிடு, பழி என் தலையில் விழட்டும், அதற்குப் பழகிய தலைதான்.

உம்மாவின் கண்ணுக்குக் கல்முனை டொக்டர் கொழும்புக் கண் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தந்திருக்கிறார், சீனியால் கண்ணின் உட்பக்கம் பழுதாகியிருக்கிறதாம், பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். இருபத்தெட்டாம் தேதி செவ்வாய் வரச் சொல்லியிருக்கிறார்கள். திங்கள் பின்னேர பஸ்ஸில் இரண்டு சீட் போட்டுவிட்டேன். நீ எங்களை ஏற்றப் புறக்கோட்டை பஸ் நிலையத்துக்கு வரக் கூடாது, இது என் கட்டளை என்றே வைத்துக்கொள். நாங்கள் ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வருவோம், உம்மாவும் ஒரு தரம் ஓட்டோக்காரனோடு பேரம் பேசிப் பார்க்கட்டும், அவனுக்குத்தான் பாவம். நீ வீட்டில் இருந்து கதவைத் திறந்தால் போதும்.

சிபானாவின் காய்ச்சல் மருந்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள், அவளுக்கு என் முத்தம். ஐந்து நேரத் தொழுகையிலும் உங்கள் மூவருக்காகவும் கை ஏந்துகிறேன், அல்லாஹ் உங்கள் வீட்டில் பரக்கத்தும் நிம்மதியும் தந்து நீண்ட ஆயுளோடு வைக்கட்டும். றுஸ்னாவுக்கு என் சலாம் மட்டும் சொல். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டாதே, வாப்பா மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றும் சொல்லிவிடாதே. முன்கூட்டியே தெரிந்தால் பரவாயில்ல மாமா என்று சொல்ல அவள் தயாராகிவிடுவாள், என்னைக் கேட்க விடமாட்டாள். வந்து அவள் முகத்தைப் பார்த்து நானே கேட்க வேண்டும்.

இப்படிக்கு
உன் வாப்பா
ஆ. மீராமுகைதீன்