போஸ்டருக்கு ஒரு முகம்

2003 ஜனவரி 13, திங்கள்
சரசா இன்றும் வரவில்லை.

ஏரவாடாவில் எங்கள் டிரஸ்ட் நடத்தும் காசநோய் மருந்து மையத்தில் திங்கள், புதன், வெள்ளி, காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நோயாளிகள் என் கண் முன்னால் மாத்திரையை விழுங்க வேண்டும். விழுங்கினால் அட்டையில் ஒரு டிக். நாலு வருஷமாக என் உத்தியோகம் இதுதான், பிறர் விழுங்குவதைப் பார்ப்பது. சரசா அட்டையில் மூன்று கட்டம் காலி. காரணம் என்ற இடத்தில் வழக்கம்போல "விழிப்புணர்வு இல்லை" என்று எழுதினேன். அந்த இடம் அவ்வளவுதான் கொள்ளும்.

ஜனவரி 15, புதன்
விட்டுவிட்டுச் சாப்பிட்டால் நோய் அந்த மாத்திரைக்கே அடங்காமல் போய்விடும். சரசாவுக்கு இருபத்தாறு வயசு, மூணாவது படிக்கிற ஒரு பெண் குழந்தைக்குத் தாய். இந்தப் பெண்ணுக்குப் புத்தி வேண்டாமா? திட்டித் தீர்ப்பது என்று அட்டையிலிருந்த விலாசத்துக்குப் போனேன். அது முகமது ரஃபீக் என்பவரின் தையல் கடை. எட்டடிக்கு ஆறடி. எங்கள் நோயாளிகள் நாலு பேர் அங்கேதான் 'குடியிருக்கிறார்கள்' என்று அவரே சிரித்துக்கொண்டு இந்தியில் சொன்னார். சரசா பின்னால் குழாயடியில் இருப்பாளாம். அந்த வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டுப் போங்கள் பஹன்ஜி என்றார். கோபம் வந்தது. கழற்றினேன்.

மூன்று குடத்தோடு வரிசையில் நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் உரக்க, "பாப்பாவோட டீச்சர் வந்திருக்காங்க" என்று ஓரமாக இழுத்துப் போனாள்.

"தண்ணி ஒம்போதுலேர்ந்து பத்தரை வரிக்குந்தாங்க்கா. மாத்திரைக்கு வந்தா தண்ணி போச்சு, தண்ணிக்கு நின்னா மாத்திரை போச்சு. மாத்திரை முழுங்கவும் தண்ணி வேணுமில்ல?"

அதற்கு முன்னால் காலை ஏழரைக்கு விஷ்ராந்த்வாடியில் பார்கவி என்ற சென்னைக்கார அம்மா வீட்டில் சமையல். பத்தே முக்காலுக்கு இன்னொரு வீடு. விலாசத்தை ஏன் மாற்றிக் கொடுத்தாய் என்றேன். வீட்டுக்காரனுக்குத் தெரிந்தால் அன்றைக்கே காலி பண்ணச் சொல்வானாம்.

விழிப்புணர்வு இல்லையாம்! அவளுக்கு இருப்பதில் பாதி எனக்கு இருந்திருந்தால் நாலு வருஷமாக அந்தக் கட்டத்தில் அதையே எழுதியிருப்பேனா?

ஜனவரி 17, வெள்ளி
மையத்தை ஏழு மணிக்குத் திறக்கலாமா என்று ரீனாவிடம் கேட்டேன். எங்கள் திட்டத்தின் தலைவி. இங்கேயே பிறந்து வளர்ந்த பெண், என்னிடம் மட்டும் தமிழில் பேச முயற்சி பண்ணும். "ஆன்ட்டி, டைமிங் சேஞ்ச் பண்ண மும்பை ஆபீஸ்ல கேக்கணும். அது... ரொம்ப நாள் ஆகும்." அதற்குப் பதிலாக மும்பை இருநூறு விழிப்புணர்வு போஸ்டர் அனுப்பியிருக்கிறது. மையத்தின் உள்சுவரில் ஒட்டினோம். வருகிறவர்கள், வர வேண்டும் என்று படித்துத் தெரிந்துகொள்வார்கள்.

ஜனவரி 20, திங்கள்
இன்றிலிருந்து நான் திருடி. மாத்திரையை மையத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. நான் குடியிருக்கும் கட்கியில் ஆறரை பஸ்ஸைப் பிடித்து, விஷ்ராந்த்வாடி பஸ் ஸ்டாப்பில் ஏழேகாலுக்கு, சரசா வேலைக்குப் போகும் முன்பு ஏழு மாத்திரை. என் கண் முன்னால் விழுங்கினாள். பதிவேட்டில் மையத்தில், காலை ஒன்பது பத்துக்கு என்று எழுதினேன்.

பிப்ரவரி 3, திங்கள்
வெறும் வயிற்றில் போட்டு ரோட்டோரம் வாந்தி எடுத்தாள். கையேட்டில் உள்ளதைச் சொன்னேன்: பால், முட்டை, பழம்.

"டெய்லி ரெண்டு லிட்டர் பால் காய்ச்சுறேங்க்கா. வாசனைக்கே வெயிட்டு ஏறணும்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கையேட்டை ஆயிரம் பேருக்குக் கொடுத்தவள் நான்.

பிப்ரவரி 5, புதன்
சரசாவுக்கு டப்பாவில் நாலு இட்லி. என் கணவர் வால்டர் பார்த்துவிட்டார். "முதல்ல மாத்திரை, இப்ப என் இட்லியா?" பாக்டரியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். கேட்டில் சோதனை இல்லாமல் எதுவும் வெளியே போகக் கூடாது அவருக்கு. ஆனாலும் மிளகாய்ப்பொடியை அவரே வைத்தார்.

மார்ச் 24, திங்கள்
உலகக் காசநோய் தினம். ஊர்வலம், தொப்பி, சமோசா. வேலைக்கு லீவு கிடைக்காததால் நோயாளிகள் யாரும் வரவில்லை. விழா சிறப்பாக நடந்தது.

ஜூன் 20, வெள்ளி
சரசாவுக்குக் கடைசி மாத்திரை போன வாரம். இன்று சளி ரிசல்ட், கிருமி இல்லை. ஐந்து கிலோ ஏறியிருக்கிறாள். அவள் அழவில்லை. பஸ் ஸ்டாப்பில் நான்தான் அழுதேன்.

ஜூலை 8, செவ்வாய்
குணமான ஒரு பெண்ணின் முகம் போட்டு மும்பை புது போஸ்டர் அடிக்கிறது. "இந்த நோயில் வெட்கப்பட ஒன்றுமில்லை." ஊரெல்லாம் பஸ் ஸ்டாப்பில் ஒட்டுவார்கள். முகம் கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் மையம் இருக்குமா என்பதே சந்தேகம் என்கிறாள் ரீனா. "சரசா பெஸ்ட் கேஸ் ஆன்ட்டி. பின்னாடி எல்லாம் ஃபுல் அட்டெண்டன்ஸ்!" யாருடைய கைங்கரியம் அது!

ஜூலை 9, புதன்
சரசா மாட்டேன் என்கிறாள். "பார்கவிம்மா பஸ் ஸ்டாப்புல பாத்தா அடுப்பாண்ட விடுவாங்களா? நோய் போயிருச்சுக்கா. வேலையும் சேந்து போவணுமா?" மருந்து ஆரம்பித்த சில வாரத்திலேயே யாருக்கும் தொற்றாது, இப்போது உன்னிடம் நோயே இல்லை, வெட்கப்பட என்ன இருக்கிறது என்று என் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். முழுக்கக் கேட்டாள்.

"அப்ப நீங்களே நில்லுங்களேங்க்கா."

என்ன திமிர். இட்லி தின்ற வாய்.

ஜூலை 11, வெள்ளி
தையல் கடை விலாசத்து மற்ற மூன்று பேரும் மாட்டேன் என்றுவிட்டார்கள். போட்டோ எடுப்பவர் வந்து காத்திருந்தார். நான் போய் உட்கார்ந்தேன்.

"ஆன்ட்டி, நீங்க பேஷன்ட் இல்லையே?"

"முகத்துல எழுதியிருக்கா? பற்பசை விளம்பரத்துல சிரிக்கிறவளுக்குச் சொத்தைப்பல் இருந்துச்சான்னு யாராவது கேக்கறாங்களா?"

ரீனா கடிகாரத்தைப் பார்த்தாள். மும்பைக்கு இன்றே அனுப்ப வேண்டும். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்
கட்கி ஸ்டேஷன் வாசலில் போஸ்டரில் நான், இரண்டடி உயரம். கீழே "நான் காசநோயிலிருந்து குணமானேன்." புடவை நன்றாக விழுந்திருக்கிறது. பயமாக இருக்கிறது. என்ன பயம்? எனக்குத்தான் ஒன்றும் இல்லையே!

ஆகஸ்ட் 10, ஞாயிறு
சர்ச்சில் இருபத்திரண்டு வருஷமாக என் பக்கத்தில் உட்காருகிற ஈனிட் இன்று இரண்டு பெஞ்சு முன்னால் உட்கார்ந்தாள். சமாதானம் சொல்லிக் கை கொடுக்கிற நேரத்தில் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டாள். ஆராதனை முடிந்து டீ. எல்லாருக்கும் பீங்கான் கோப்பை. எனக்கு மட்டும், எங்கிருந்தோ தேடி எடுத்த ஒரு பேப்பர் கப்.

ஐயோ, அது நான் இல்லடீ, சும்மா போட்டோவுக்கு நின்னேன் — நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொல்லியிருந்தால் போதும், அந்த நிமிஷமே என் கோப்பை திரும்பி வந்திருக்கும். அடுத்த கேள்வி என்ன? அப்ப யாருக்கு? விஷ்ராந்த்வாடியில் பார்கவி வீடு உட்பட ஈனிட்டுக்குத் தெரியாத வீடே கிடையாது.

"உனக்கா ஜெரி? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?" என்றாள் ஈனிட், குரலைத் தாழ்த்தி.

"ஆமா. ஆறு மாசம் மாத்திரை போட்டேன். இப்ப நல்லாயிடுச்சு."

அரை அடி பின்வாங்கினாள். எதிர்பார்த்ததுதான். இவ்வளவு வலிக்கும் என்பதைத்தான் எதிர்பார்க்கவில்லை.

வால்டர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். தன் பீங்கான் கோப்பையை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு, எனக்கும் பேப்பர் கப்பில் ஊற்றுங்கள் என்றார். டீ சுமார்தான்.