நடு அறையும் நீல மீனும்

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா சொந்தக் கையால் எழுதுவது. எழுத்து கோணல் மாணலாக இருப்பதற்கு முதலில் மன்னித்துவிடு. சில எழுத்துகள் கோட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், சில கீழே தொங்கும், ஒரு பக்கம் முடிப்பதற்குள் பேனா பிடித்த விரல் மரத்துப்போகிறது. தண்ணீர் லாரியில் காலமெல்லாம் குழாய் பிடித்த கைக்குப் பேனா பல்குச்சி மாதிரி இருக்கிறது, எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்று தெரியவில்லை. நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளும் மாலை வகுப்பு டீச்சரிடம் என் நோட்டைக் காட்டினேன். "கோழி கிளறின மாதிரிதான் இருக்கு ஐயா, ஆனா படிக்க முடியுது, அது போதும்" என்றார். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் உடம்பால் நலம். மனசால் நலமா என்பதை முழுக்கப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அந்த ஊர்க் குளிருக்குக் கம்பளி போதுமா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள். இரண்டுக்கும் உண்மையைச் சொல்.

போன மாதம் போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். மாப்பிள்ளையும் நீயும் பிரிந்துவிட்டீர்கள், இனி அங்கே இருக்கப் பிடிக்கவில்லை, வீட்டுக்கே வந்துவிடலாமா, வந்தால் எங்கே இருப்பது என்று கேட்டாய். நான் "வாம்மா" என்று சொன்னேன், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கூடத்தில் நின்று பேசினேன், சுற்றி எல்லோருடைய காதும் என் போனில்தான் இருந்தது. நீயும் "சரிப்பா, பாக்கலாம்" என்று வைத்துவிட்டாய். நீ வரமாட்டாய் என்று எனக்கு அப்போதே புரிந்தது. போன தடவை வந்தபோது உன் பின்னறையில் அண்ணியின் தையல் மெஷினும் துணி மூட்டையும் இருந்தன, நீ கூடத்தில் பாய் போட்டுப் படுத்தாய், அலமாரியில் ஒரு தட்டுக்காக அவளோடு வாய்ச்சண்டை வந்தது, சொன்ன நாளுக்கு முன்பே கிளம்பிப் போனாய். அவள்மேலும் தப்பு சொல்ல மாட்டேன், உன்மேலும் சொல்ல மாட்டேன். அவள் தைத்துச் சம்பாதிக்கிறாள், அவளுக்கு வெளிச்சம் வேண்டும். நீ பிறந்து வளர்ந்த அறை, உனக்கு அது வேண்டும். ஆக, எங்கே இருப்பது என்ற கேள்விக்கு இப்போதுதான் பதில் கிடைத்திருக்கிறது. ஆனால் அதை மீன் தொட்டியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், பொறுமையாகப் படி. போனில் என்றால் நடுவில் வைத்துவிடுவாய், கடிதத்தை நடுவில் வைக்க உனக்கு மனசு வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கப் பல் டாக்டரிடம் போயிருந்தேன். அவர் வேறு கட்டிடத்துக்கு மாறுகிறார், காத்திருக்கும் இடத்தில் இருந்த கண்ணாடித் தொட்டியை யாராவது எடுத்துக்கொண்டால் போதும் என்றார். வாய் நிறையப் பஞ்சு இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன். உன் அண்ணன் அதைத் தூக்கிவந்து கூடத்தில் வைத்துவிட்டு, "பல்லு போச்சு, தொட்டி வந்துச்சு" என்றான். தொட்டி சின்னதுதான், இரண்டு கை விரித்தால் அடங்கிவிடும். அதில் கடல் மீன் வளர்க்கப் போகிறேன் என்றதும் பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆயுசு பூரா நல்ல தண்ணி ஊத்துன மனுஷன், இப்ப நல்ல தண்ணியில உப்பைக் கொட்டுறாரு, பாருங்கய்யா" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். லாரித் தண்ணீர் லேசாக உப்புக் கரித்தாலும் வீட்டுக்காரர்கள் என்னை என்ன பாடு படுத்துவார்கள் என்று உனக்குத் தெரியும்.

உன் அம்மா அடுப்படியிலிருந்து உப்பு ஜாடியைத் தூக்கி வந்தாள். அது ஆகாதாம், கடல் மீனுக்கென்று தனி உப்பு மூட்டை விற்கிறது. அந்த மூட்டையின் பின்பக்கம் எழுதியிருந்ததை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன் வாலு. யாரையும் கேட்கவில்லை. வாளிக்கு எவ்வளவு, எப்படிக் கலக்க வேண்டும், கலக்கிய பிறகு எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. ஒரு முழுச் சாயங்காலம் ஆயிற்று, இருந்தாலும் படித்தேன். உப்பளவு பார்க்கச் சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது, தண்ணீரை மொண்டால் முள் மிதந்து ஓர் இடத்தில் நிற்கும். பச்சைக் கோட்டுக்குள் நின்றால் சரி. வெயில் நாளில் தொட்டித் தண்ணீர் வற்றும்போது உப்பு வற்றாது, அங்கேயே நிற்கும், அதனால் குறைந்த அளவுக்கு வெறும் தண்ணீர்தான் விட வேண்டும். இதை நான் உன் அண்ணனுக்குச் சொல்ல, அவன் தலையாட்டிவிட்டு நான் ஊரில் இல்லாத ஒரு நாள் உப்புத் தண்ணீரையே விட்டான், முள் மேலே ஏறிவிட்டது, அது வேறு கதை.

தொட்டியில் மணலும், துளைத் துளையாகக் கடல் கல்லும் போட்டு, பம்பை ஓட விட்டாயிற்று. உடனே மீன் விடக் கூடாது என்றார் வளர்ப்பு மீன் கடைக்காரர். "தண்ணி சில வாரம் ஓடிப் பழுக்கணும் ஐயா, பழுக்காத தண்ணியில விட்டா மீன் மல்லாந்துடும்" என்றார். கல்மேல் பழுப்பாக ஒரு தூசி படிந்தது, பிறகு பச்சை படிந்தது, நானும் நாற்காலி போட்டு வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணியிடம் ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவர்கள் எல்லாம் குனிந்து பார்த்து "மீன் எங்கே?" என்று கேட்பார்கள், நான் "வரும்" என்பேன். அண்ணி மாத்திரம் பின்னறையிலிருந்து, "மாமா, தண்ணி நல்லா நீந்துது" என்று குரல் கொடுப்பாள். அவளுக்கு வாய் கொஞ்சமா?

மீன் வாங்கப் போனபோது ஒரு தப்பு நடந்தது. சாதுவான மீனை முதலில் விட வேண்டும், முரட்டு மீனைக் கடைசியில் விட வேண்டும் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். உன் அம்மாவும் கூட வந்திருந்தாள். உடம்பெல்லாம் நீலம், வால் மட்டும் மஞ்சள், கட்டைவிரல் நீளம் இருக்கும் ஒரு மீன், கண்ணாடியில் விரல் வைத்தால் ஓடாமல் விரலைக் கொத்த வந்தது. "பாருங்க, என்னா திமிரு! இதுதான் வேணும்" என்றாள் உன் அம்மா. முரடு அதுதான் என்று கடைக்காரர் சொன்னார். லாரி வந்தால் முதலில் குடம் வைத்தவருக்குத்தான் முதல் தண்ணீர், அதுதானே நமக்குத் தெரிந்த நியாயம், முதலில் பிடித்ததை முதலில் விட்டுவிட்டோம். வீட்டில் அதற்கு மேஸ்திரி என்று பெயர். தொட்டிக்குள் போனதும் நடுக்கல்லின் பெரிய பொந்தைப் பிடித்துக்கொண்டது, நான் கண்ணாடி துடைக்கக் கையை விட்டால் மணிக்கட்டில் வந்து கடிக்கிறது. வலிக்காது, ஆனால் அதற்கு அது தெரியாது. "நம்ம வாலு மாதிரியே இருக்கு" என்றாள் உன் அம்மா. அண்ணி உடனே, "இல்ல அத்தை, நீங்க என்னைத்தான் சொல்றீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள். இரண்டு பேரையும்தான் என்று நான் சொல்லவில்லை, மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் இரண்டு வாங்கி விட்டோம். அவையும் பயந்தவை அல்ல, சாப்பாட்டுக்கு விரலில் வந்து முட்டுகிற ரகம். ஆனால் தொட்டி முழுக்க மேஸ்திரியின் சொத்தாகிவிட்டிருந்தது. எந்தப் பக்கம் போனாலும் விரட்டியது. இரண்டும் பம்பின் பின்னால் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றன, ஒன்றுக்குத் துடுப்பு கிழிந்துவிட்டது, சாப்பிட வெளியே வரவில்லை. உன் அம்மாவுக்கு மேஸ்திரியைத் திருப்பிக் கொடுக்கவும் மனசில்லை, அந்த இரண்டையும் பார்க்கவும் மனசில்லை. நான் கடைக்காரரிடம் போய் நின்றேன். அவர் வேறு தொட்டியில் கைவலையால் மீன் பிடித்துக்கொண்டே சொன்னார். "அது மேல தப்பு இல்ல ஐயா. அது முதல்ல வந்துச்சு, எல்லா இடமும் அதோடதுன்னு நெனைக்குது. அதைப் பிடிச்சு ஒரு வாளியில விடுங்க. கல்லு அத்தனையும் வெளிய எடுத்து வேற மாதிரி அடுக்குங்க. பழைய பொந்து ஒண்ணும் பழைய இடத்துல இருக்கக் கூடாது. விளக்கை அணைச்சுட்டு விடுங்க. அப்ப எல்லாரும் புதுசு." இனி சண்டை போடாதா என்று கேட்டேன். "போடாதுன்னு யாரு சொன்னா? போடும். இனிமே சமமா போடும்" என்றார்.

சொன்னபடியே செய்தேன். முழங்கை வரை உப்புத் தண்ணீர், கூடமெல்லாம் ஈரம், உன் அம்மா துடைத்துக்கொண்டே திட்டினாள். மறுபடி விளக்கைப் போட்டபோது மேஸ்திரி தன் பொந்தைத் தேடித் தேடி அலைந்தது. தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது, விரட்ட அதற்கு நேரமில்லை. அதற்குள் பட்டை மீன் இரண்டும் இடப்பக்கக் கல்லின் அடியைப் பிடித்துக்கொண்டன. பிறகு மேஸ்திரி அங்கே போனது, சண்டை போட்டது, பட்டை மீனில் பெரியது எதிர்த்து நின்றது, மேஸ்திரி வலப்பக்கம் போய்விட்டது. இப்போதும் நடுவில் சந்தித்தால் முறைத்துக்கொள்கின்றன. ஆனால் மூன்றும் சாப்பிடுகின்றன. கிழிந்த துடுப்பு வளர்ந்துவருகிறது.

நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அன்றைக்குத்தான் சாப்பிடும்போது எல்லோரிடமும் சொன்னேன், வீட்டிலும் கல்லை மாற்றி அடுக்கப் போகிறோம் என்று. உன் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "மீன் சொல்லிச்சுன்னு வீட்டையே பொரட்டுறீங்களே, நாளைக்கு எங்களையும் வாளியில போடுவீங்களா?" என்றாள். உன் அண்ணன்தான் அதிகம் குதித்தான். நடு அறை ஜன்னலோரம் அவன் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து படுத்த இடமாம், அங்கே படுத்தால்தான் தூக்கம் வருமாம். "கழுதை வயசாச்சு, வேற ஜன்னல்ல தூங்கக் கத்துக்கோ, நான் இந்த வயசுல அ ஆ கத்துக்கலையா" என்றேன், அடங்கினான். அண்ணி தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "மெஷினுக்கு வெளிச்சம் மட்டும் குறையக் கூடாது மாமா, மத்தது எப்படி வேணாலும் செய்யுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் மாற்றினோம். எலெக்ட்ரீஷியன் வந்து கட்டில் பிடித்தார், சிரித்துக்கொண்டேதான் பிடித்தார். தெருப் பக்கம் இருக்கிற எங்கள் அறை இப்போது அண்ணனுக்கும் அண்ணிக்கும். தையல் மெஷின் கூடத்து ஜன்னலுக்கு வந்துவிட்டது, அங்கே வெளிச்சம் இன்னும் அதிகம், அளவு கொடுக்க வருகிறவர்களும் பின்னறை வரை வர வேண்டாம். உன் பழைய பின்னறையில் நானும் அம்மாவும். குளியலறை பக்கத்தில் இருப்பதால் என் முழங்காலுக்கு நல்லது. நடு அறை காலி. அது உனக்கு. உன் பழைய அறையைத் திருப்பித் தரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, வேண்டுமென்றேதான் தரவில்லை. தந்திருந்தால் நீ ஜெயித்ததாகவும் அவள் தோற்றதாகவும் ஆகியிருக்கும். இப்போது இந்த வீட்டில் யாருக்கும் பழைய இடம் இல்லை. உன் அம்மா சுவிட்சைத் தேடிச் சுவரையெல்லாம் தடவுகிறாள். நான் மத்தியானம் குளித்துவிட்டுப் பழைய அறை ஞாபகத்தில் துண்டோடு தையல் மெஷின் முன்னால் போய் நின்றேன், அளவு கொடுக்க வந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணி சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். இவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த வீட்டில் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அவளும் இத்தனை நாள் வேறு யாருடைய கல்லுக்கடியிலோதான் ஒண்டியிருந்தாள் போலிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

இந்தக் கடிதம் எழுதுகிறேன் என்று தெரிந்ததும் அவள் வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அலமாரியில ரெண்டு தட்டு காலி பண்ணி வச்சிருக்கேன்னு எழுதுங்க மாமா. மூணாவது கேட்டா தர மாட்டேன்னும் எழுதுங்க." எழுதிவிட்டேன். எனக்கு இதைக் கேட்டுச் சந்தோஷம். வா, வா என்று வாய் நிறையச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம், எத்தனை தட்டு என்று கணக்காகச் சொல்கிறவர்களை நம்பலாம். நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட மாட்டீர்கள் என்று நான் சொல்லவில்லை. போடுவீர்கள். இனி சமமாகப் போடுங்கள், நான் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

ஆகையால் நீ கேட்ட கேள்விக்குப் பதில், நடு அறை. டிக்கெட் எடுத்துவிட்டால் தேதியை எனக்கும் சொல்லாதே, அண்ணனுக்கும் சொல்லாதே, முதலில் அண்ணிக்குப் போன் செய்து சொல். மறந்துவிடாதே, இந்தக் கடிதத்திலேயே முக்கியமான விஷயம் அதுதான். வரும்போது எங்களுக்கு ஒன்றும் வாங்க வேண்டாம், உன் கம்பளியை விட்டுவிடாமல் எடுத்து வா. நீ எந்த ஊரில் எந்த அறையில் இருந்தாலும் நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும், அம்மாவுக்கும் எனக்கும் அது ஒன்றுதான் வேண்டுதல். விரல் வலிக்கிறது, நிறுத்துகிறேன். அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன். அதற்குள் நீ வந்து நின்றால் அந்தக் கடிதத்தை நடு அறை வாசலில் உட்கார்ந்து நானே உனக்குப் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பெருவிரல் மை இல்லாமல் கையெழுத்துப் போடும்
உன் அப்பா