சுமிரே என்ற கோப்புறை

நீகாத்தா, ஏப்ரல் 8

அப்பாவுக்கு,

சுமிரே எழுதுகிறேன். எட்டு வருடமாகப் பேசாதவள் எதற்கு எழுதுகிறாள் என்று பயப்பட வேண்டாம், எல்லோரும் நலம். இது நீங்களும் அம்மாவும் பிரிந்ததைப் பற்றியும் இல்லை.

இங்கே ஒரு செல்லப்பிராணி மருத்துவமனையில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்திருக்கிறேன். எல்லோரும் எக்ஸ்ரே படங்களைப் போட்டுவைக்கும் பொதுக் கோப்புறையை முதல் நாள் திறந்தால், அதன் பெயர் 'சுமிரே'. திடுக்கிட்டுப் போனேன். இழுப்பறையில் ஒரு அச்சுப்பிரதி கிடைத்தது. லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் பயனர்கள் யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தக்கூடிய இணையக் கையேட்டில் பதினோரு வருடம் முன்பு நீங்கள் எழுதிய 'கோப்புகளைப் பகிர்வது எப்படி' பக்கம். மூலையில் இயக்குநரின் சிவப்பு முத்திரை. முத்திரை விழுந்த தாளில் ஓர் எழுத்தை மாற்றவும் இங்கே யாருக்கும் துணிவில்லை. நீங்கள் உதாரணமாகக் கொடுத்த வரியை, அதிலிருந்த என் பெயரோடு அப்படியே தட்டியிருக்கிறார்கள்.

அந்த வரிப்படி யார் வேண்டுமானாலும் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே வந்து அழிக்கலாம். போன வாரம் காத்திருப்பு அறையில் யாரோ போனை நோண்டியதில் இரண்டு வார எக்ஸ்ரே போயிற்று. பதினேழு நாய்களைத் திரும்ப வரவழைத்தோம். பக்கத்தைத் திருத்தி எழுதப் போகிறேன். உங்களிடம் சொல்லாமல் செய்ய மனம் வரவில்லை.

சுமிரே

மாட்சுவே, ஏப்ரல் 11

சுமிரேவுக்கு,

எட்டு வருடம் கழித்து வருவது குற்றப்பத்திரிகையா? வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பதினாறு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதிய பக்கம் அது. தொடாதே.

நீகாத்தாவில் இன்னும் குளிர் இருக்கும். கழுத்தை மூடிக்கொண்டு போ.

அப்பா

நீகாத்தா, ஏப்ரல் 14

அப்பாவுக்கு,

வீட்டுக்கு மட்டும் என்று எழுதியிருப்பது உண்மைதான். நாற்பத்து மூன்றாவது வரியில். வரவேற்பு மேசையில் இருக்கும் குனுகி அக்காவிடம் உங்கள் பக்கத்தைக் கொடுத்து, "இதைப் பாத்து நீங்களே செய்யுங்க" என்றேன். பத்து நிமிடத்தில் கத்தினார்:

"ஏம்மா, 'மேலே சொன்னபடி செய்யவும்'னு போட்டிருக்கு. மேல எங்க சொன்னாரு? மேல பூரா ரௌட்டர் வித்தவனைத் திட்டித்தான வச்சிருக்காரு! யாரும்மா இந்த மனுஷன்?"

"எங்க அப்பா" என்றேன். அவர் தாளை மெதுவாக என் பக்கம் தள்ளிவிட்டார்.

வரைவை இணைத்திருக்கிறேன். எச்சரிக்கை முதல் வரியில் இருக்கிறது. கடவுச்சொல் இல்லாமல் இனி யாரும் நுழைய முடியாது. எழுதியவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் அப்படியே இருக்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். கடவுச்சொல் வைக்க உங்களுக்கா தெரியாது? ஏன் வைக்கவில்லை?

சுமிரே

மாட்சுவே, ஏப்ரல் 20

சுமிரேவுக்கு,

உன் வரைவைப் பழைய கணினியில் வரி வரியாகச் செய்து பார்த்தேன். ஏழாவது படியில் சர்வரை மறுபடி தொடங்கச் சொல்ல மறந்துவிட்டாய். சேர்த்திருக்கிறேன். மற்றபடி என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு ஆறு நாள் ஆயிற்று.

ஏன் என்று கேட்டாய். அது உன் பள்ளிப் பாடங்களுக்காகச் செய்த கோப்புறை. உனக்குப் பதினைந்து வயது. அப்போதே நீ என்னிடம் எதுவும் கேட்பதில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விடுவாய். கடவுச்சொல் வைத்தால் என்னிடம் வந்து கேட்க வேண்டியிருக்கும். நீ கேட்க மாட்டாய் என்றுதான் வைக்கவில்லை. நம் வீட்டுச் சங்கடத்தை ஊருக்கெல்லாம் விதியாக எழுதிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். நாய்களை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

உதாரணத்தில் உன் பெயரை எடுத்துவிட்டு 'பொது' என்று நானே மாற்றினேன். என் கணினியில் அந்தக் கோப்புறைக்குப் பழைய பெயரே இருக்கிறது. உன் கட்டுரைகள் எல்லாம் அதில் உண்டு. நீகாத்தாவிலிருந்தே நீ திறக்கலாம். இன்று அதற்கும் கடவுச்சொல் வைத்தேன். வேண்டுமென்றால் கேள்.

அப்பா

நீகாத்தா, ஏப்ரல் 22

அப்பா,

புதுப் பக்கம் நேற்று கையேட்டில் ஏறிவிட்டது. குனுகி அக்கா வாய் திறக்காமல் செய்து முடித்தார். இயக்குநர் அதை அச்சிட்டு முத்திரையும் குத்திவிட்டார். இனி உங்கள் ஏழாவது படியை யாராலும் அசைக்க முடியாது.

கடவுச்சொல் என்ன?

கடிதத்தில் எழுதாதீர்கள். எழுதி அனுப்பக் கூடாது என்று நான்காவது வரியில் நானே போட்டிருக்கிறேன். ஞாயிறு காலை போன் செய்கிறேன். எடுங்கள்.

சுமிரே