தாழ்த்திய வண்டியைப் பழைய உயரத்துக்கு ஏற்றக் கோரி

அனுப்புநர்
மு. சிவப்பிரகாசம் (வயது 54),
கரும்பு விவசாயி,
கரையாம்புத்தூர், நெட்டப்பாக்கம் கொம்யூன்,
புதுச்சேரி.

பெறுநர்
வட்டாரப் போக்குவரத்து அதிகாரி அவர்கள்,
புதுச்சேரி.

பொருள்: என் பெயரில் உள்ள நான்கு சக்கர இழுவை டீசல் பிக்கப் வண்டியை என் தம்பி அனுமதியின்றித் தாழ்த்தியது – பழைய உயரத்துக்கு ஏற்றும்வரை ஓடவிடாமல் தடுக்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

சொந்த வண்டியின் மீதே புகார் கொடுக்க வரும் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். சிரிக்காமல் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. மேற்படி வண்டியின் பதிவுச் சான்று என் பெயரில் உள்ளது. ஓட்டுவது என் தம்பி கலைவேந்தன். சொந்தக்காரர்கள் கூடிப் பேசி, சாவியை அவனிடம் கொடுக்க வைத்துவிட்டார்கள். அவன் வீடு வயலுக்கு நடுவில் இருக்கிறது. போகிற வழி என் நிலத்தில் வருகிறது. அதில் ஜல்லி கொட்ட நான் விடவில்லை. அது என் உரிமை. ஆகவே மழை பெய்தால் ஆட்டோவோ ஆம்புலன்ஸோ அந்த வாசலுக்கு வராது. அந்தச் சேற்றில் ஏறி இறங்குவது இந்த ஒரு வண்டிதான்.

2. சென்ற ஆடி மாதம் அவன் வண்டியை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய், பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் சிலவற்றைக் கழற்றி, முன்பக்கத்தையும் தளர்த்தி, அரைச் சாண் உயரம் இறக்கிவிட்டான். இப்போது வாய்க்காலைத் தாண்டும்போது வண்டியின் அடிப்பாகம் இடிக்கிறது. கரும்பு ஏற்றினால் டயர் மட்காட்டில் உரசுகிறது. உழைக்கிற வண்டியைக் கெடுத்துவிட்டான், ஐயா.

3. எதற்கு என்று தாங்கள் கேட்பீர்கள். அவன் மனைவி ஜெயசுதாவுக்காக. சென்ற தை மாதக் கரும்பு வெட்டில் அவளுக்கு இடுப்புக்குக் கீழே விளங்காமல் போய்விட்டது. சக்கர நாற்காலிதான். தம்பி குடலிறக்க ஆபரேஷன் செய்தவன், பளு தூக்கக் கூடாது. எனவே அவளை வண்டியில் ஏற்ற என் கரும்பு ஆட்கள் இரண்டு பேர் போக வேண்டும். நான் அனுப்பினால்தான் போவார்கள். ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. மூட்டையைத் தூக்குவது போல் தூக்குகிறார்கள் என்று அழுவாள். பிறகு பல்லக்கிலா தூக்குவார்கள்?

4. இப்போது நாற்காலிக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு பலகையைப் போட்டு, கையை ஊன்றி, தானே நகர்ந்து ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். “இன்னா மாமா, பாத்தீங்களா? இனிமே உங்க ஆளு யாரும் எனக்கு வேணாம்” என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வீராம்பட்டினம் தேருக்குப் போனாள். கடைக்குப் போனாள். பிறகு ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தாள்.

5. வக்கீல் எதற்கு என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அந்தத் தை மாதக் கரும்பு வெட்டு அன்று ஆள் பற்றாக்குறை. கரும்புச் சுமையின் மேல் அவளை உட்காரச் சொன்னது நான். ஓட்டியதும் நான். “மாமா, கட்டு அவுருது, நிறுத்துங்க” என்று அவள் கத்தியது காதில் விழத்தான் செய்தது. வாய்க்கால் சேற்றில் நிறுத்தினால் வண்டி புதைந்துவிடும். விவரம் தெரிந்தவன் நிறுத்துவானா? மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்தாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னோம். ஒரு காவலர் வீட்டுக்கே வந்து விசாரித்தார். நான் பக்கத்தில் நின்றேன். அவளும் வழுக்கித்தான் விழுந்தேன் என்றாள். வீட்டில் இருந்தவரை நல்ல பெண்ணாகத்தான் இருந்தாள், ஐயா. வரும் திங்கட்கிழமை இந்த வண்டியில் ஏறி, தானே காவல் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுக்கப் போகிறாளாம்.

6. அனுமதியின்றி வண்டியின் அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி தவறு. உடல் ஊனமுற்றவருக்காக என்று விண்ணப்பித்தால் தாங்கள் பரிசீலிக்க இடமுண்டு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்த விண்ணப்பத்தில் உரிமையாளர் கையெழுத்து வேண்டும். உரிமையாளர் நான். போட மாட்டேன்.

7. ஆகவே தங்கள் ஆய்வாளர் நாளை வெள்ளிக்கிழமையே வந்து வண்டியைப் பார்வையிட்டு, பழைய உயரத்துக்கு ஏற்ற உத்தரவிட வேண்டுகிறேன். சனி, ஞாயிறு விட்டால் காரியம் கெட்டுவிடும். அபராதத்தை நானே கட்டுகிறேன். கழற்றிய ஸ்பிரிங் பட்டைகளைப் பட்டறையிலிருந்து வாங்கி வந்து, துரு ஏறாமல் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். பூட்ட ஒரு பொழுது போதும்.

திங்கட்கிழமை காலையில் அவள் பலகையோடு வந்து அந்தக் கதவை அண்ணாந்து பார்க்கட்டும். ஏற்றிவிட ஆள் வேண்டுமென்றால் என்னிடம்தான் கேட்க வேண்டும். எனக்கு வேறு கோரிக்கை எதுவும் இல்லை.

இடம்: கரையாம்புத்தூர்
நாள்: 11.09.2025

இப்படிக்கு,
வண்டியின் உரிமையாளர்,
மு. சிவப்பிரகாசம்

இணைப்பு: பதிவுச் சான்று நகல்.