மண் உட்காரும்வரை

மார்ச் 3
இன்றைக்கும் மணல் மேட்டில் நின்று கத்திவிட்டு வந்தேன். துறைமுகத்தின் புதிய சரக்குத் தளத்துக்கு அடியில் முழுக்கக் கொழகொழ களிமண். மேலே மணலைக் குவித்து, அந்தப் பாரத்தில் நீர் பிதுங்கி மண் அமுங்கி முடியும்வரை காத்திருக்க வேண்டும். பிறகுதான் கான்கிரீட். மேனேஜருக்குத் தெரிந்தது ஒரே சொல்: "ஆயிடும்." நாங்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரும் அதுதான்.

"மண்ணு இன்னும் உட்காரலை சார்."
"உட்கார நாற்காலி போடணுமா?"
கூட இருந்த ஜால்ராக்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

மார்ச் 9
மண் உட்கார்ந்துவிட்டது, குவித்த மணலை அள்ளலாம் என்று மண் இன்ஜினியரான என்னிடம் மேனேஜர் கையெழுத்துக் கேட்டார். தலைகீழாக நின்றாலும் போடமாட்டேன்.

மார்ச் 11
தம்பி வந்தான். புதுத் தளத்தில் கிரேன் ஓட்டப்போவது அவன்தான். தளம் திறந்தால்தான் அவன் வேலை நிரந்தரம்.

"உனக்கும் அந்தாளுக்கும் ஆகலைன்னா என் வயித்துல ஏன்க்கா அடிக்கிற?"
"அது தாங்காதுடா. மேல இருக்கப்போறது நீ."
"உலகத்துல எல்லாம் தெரிஞ்சவ நீ ஒருத்திதான்!"

கதவை அறைந்துவிட்டுப் போனான். எனக்கென்ன, வேண்டுதலா?

மார்ச் 20
என்னைக் கிடங்குக்குத் தூக்கியடித்தார்கள். வெளியிலிருந்து வந்த நிபுணர் காரைவிட்டு இறங்காமலே கையெழுத்துப் போட்டாராம். லாரி லாரியாக மணல் போகிறது. நாசமாய்ப் போகட்டும் — ஐயோ, தம்பி இருக்கிறானே. என் வாயைக் கழுவ வேண்டும்.

மே 2
கான்கிரீட் போட்டாயிற்று. பார்க்கவே பற்றிக்கொண்டு வருகிறது.

ஜூன் 14
திறப்பு விழா. தம்பி பெட்டி பெட்டியாக அடுக்கினான். ஒன்றும் ஆகவில்லை. "என்னம்மா, பயமுறுத்தினீங்களே?" என்று ஆயிடும் இளித்தார். தம்பி என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் சொன்னது தப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அவன் நன்றாக இருந்தால் சரி.

ஜூலை 6
கிடங்கில் இருந்தேன். சண்டைக்குப் பிறகு முதல் தடவையாகத் தம்பியின் போன்.

"அக்கா, கிரேன் சாயுதுக்கா. எந்தப் பக்கம் இறங்க?"
"கடல் பக்கம் வேணாம். அப்படியே விட்டுட்டு கிடங்குப் பக்கமா இறங்கி ஓடு. ஓடுடா!"

லைன் அறுந்தது. அதற்குப் பிறகு, கிரேன் விழுந்த அந்தச் சத்தம்.

ஜூலை 9
தம்பி உயிர் தப்பினான். கால்தான் முறிந்திருக்கிறது.

ஓட்டுநர் பாதியில் விட்டு இறங்கியதால்தான் கிரேன் கவிழ்ந்தது என்று மேனேஜர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மனுஷனா அவன்?

நாளை விசாரணை. இறங்கச் சொன்னது நான்தான் என்று போய்ச் சொல்லப்போகிறேன்.

"வராதக்கா. மொத்தப் பழியையும் உன் தலைல கட்டிடுவாங்க" என்றான் தம்பி, கட்டிலில் படுத்தபடியே.

"கட்டட்டும்டா" என்று அவன் காலுக்கடியில் தலையணையை நகர்த்தி வைத்தேன்.