அம்ஹாவின் வீட்டில் உன் பங்கு

அன்பு மகள் நஜ்லாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் தங்கச்சி அம்ஹாவும் இங்கே சுகம், என் வலது முழங்காலைத் தவிர, அது மட்டும் என்னோடு கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது. அங்கே நீயும் மருமகன் ஸிராஜும் என் பேத்திமார் இரண்டு பேரும் நல்ல சுகத்தோடு இருக்க எந்நேரமும் துஆக் கேட்கிறேன். மருமகனின் வயிறும் சுகமாகத்தான் இருக்கிறது என்று பெருநாள் போட்டோவில் கண்டேன், கட்டார் வெயிலில் எல்லாரும் காய்கிறார்கள், உன் மாப்பிள்ளை மட்டும் ஊறுகிறார், மாஷா அல்லாஹ். போன் இருக்கும்போது உம்மாவுக்கு ஏன் கடிதம் என்று நீ சிரிப்பாய். நீ போனைச் சத்தமாகப் போட்டு அடுப்படியில் வைத்துவிட்டு வெங்காயம் அரிந்துகொண்டுதானே என்னோடு கதைக்கிறாய், அதில் பிள்ளைகளின் சண்டையும் கேட்கும், மருமகன் இருமுவதும் கேட்கும், நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு மீன் விலையைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். சாச்சி முஸ்பிறாவின் மகன் பர்ஸான் கட்டாருக்குத் திரும்பப் போகிறான், அவன் கையில் இதையும் கொஞ்சம் கருவாடும் கொடுத்துவிடுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடம் போகவில்லை, பிழை இருந்தால் கருவாட்டை நினைத்து மன்னித்துக்கொள்.

இங்கே மழை நல்ல மழை. மாவடிப்பள்ளி வயலில் இந்த முறை பயிர் கருகருவென்று நிற்கிறதாம், வரம்பில் நின்று பார்க்கத்தான் உன் வாப்பா இல்லை. அவர் மௌத்தான பிறகு வருகிற முதல் பெரும்போகம் இது. அந்த மனிதர் எதையும் நாளைக்கு என்று வைத்தே காலத்தை ஓட்டினார், உனக்குத் தெரியும்தானே, ஆடின பல்லைக்கூடப் பிடுங்கப் போகாமல் அது தானாக விழும்வரை பார்த்துக்கொண்டு இருந்தவர். அந்தப் பல்லுக்கு நான் சிரித்தேன். அம்ஹாவின் வீட்டுக்கு இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் சீதன வீட்டை உன் கலியாணத்தோடு உனக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நாங்கள் இந்த வளவுக்கு வந்தோம், இந்த வீட்டை அம்ஹாவுக்கென்றுதான் அவர் கல்லுக் கல்லாக வைத்துக் கட்டினார், மேசன்மாருக்குத் தேத்தண்ணீர் கொடுக்கும்போதும் இது என் சின்ன மகளின் வீடு என்று சொல்லிச் சொல்லித்தான் கொடுத்தார். ஊருக்கே தெரியும், உறுதிப் பத்திரத்துக்குத்தான் தெரியாது. எழுதுங்கள் என்று கேட்டால், மாப்பிள்ளை வராமல் எந்த ஊரில் வீடு எழுதுகிறார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்பார். நம்முடைய ஆட்களின் பழக்கமும் அதுதானே மகள், கலியாணக் கிழமையில் மாப்பிள்ளை வீட்டார் கண் முன்னால் எழுதினால்தான் மதிப்பு, முதலே எழுதினால் பெண்ணில் ஏதோ குறை என்று கதைப்பார்கள். ஒரு நாள் என் கரைச்சல் தாங்காமல் உறுதி எழுதுகிற நொத்தாரிசு கந்தோருக்குப் போனார், சாப்பாட்டு நேரம் என்று பூட்டியிருந்ததாம், பக்கத்துக் கடையில் புரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து அல்லாஹ் இன்றைக்கு நாடவில்லை என்றார். அன்றைக்குப் புரியாணியை மட்டும் எப்படி நாடினான் என்று கேட்டேன், விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு அந்தக் கந்தோர்ப் பக்கம் அவர் போகவே இல்லை.

வாப்பாவுக்காக நான் இருந்த நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்ததும் அந்தக் கந்தோருக்கு நானும் அம்ஹாவும் போனோம். இப்போது அங்கே இருப்பது காரைதீவுப் பிள்ளை கேதீஸ்வரி, கெட்டிக்காரி, என்னைப் போன்ற மரமண்டைக்கும் விளங்குகிற மாதிரிச் சொன்னாள். ஆண் பிள்ளை இல்லாத ஆள் எழுதாமல் மௌத்தானால் நம் மார்க்கச் சட்டப்படி பெண் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பெரும்பங்கு சரிபாதியாக வரும், மனைவிக்கு எட்டில் ஒன்று, மிச்சம் அவரோடு கூடப் பிறந்த தம்பிக்கு. வயலிலும் அப்படித்தான், இந்த வீட்டிலும் அப்படித்தான். எட்டில் ஒன்று என்றதும் நான் அம்ஹாவிடம், அப்படியென்றால் என் பங்கு குசினிதான், கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் நிற்கிற இடம் அதுதானே என்றேன். அவள் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காமல் இருந்தால் எனக்குப் பயம் வரும். சட்டத்தில் நான் குறை சொல்லவில்லை மகள், அது அல்லாஹ் வைத்தது. உடம்பில் மூச்சு இருக்கும்போதே கொடுத்துவிடு என்றும் அதே மார்க்கம் வழி வைத்திருக்கிறதே, அந்த வழியால்தான் நாம் போகவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாச்சா அப்துல் ஸமட் வந்தார். நான் திரைக்கு இந்தப் பக்கம் இருந்தேன். அவர் வாப்பாவின் தம்பி மட்டுமல்ல, நீ பிறந்த அன்றைக்கு மழையில் சைக்கிளில் போய் மருத்துவிச்சியை ஏற்றி வந்தவர், அதை மறக்க வேண்டாம். வந்தவர் உட்காராமல் நின்றபடியே சொன்னார், “மச்சி, எனக்கும் கரைசேர்க்க மூணு குமர் இருக்கு. கூடப் பிறந்த காக்காட சொத்துல கண் வெச்சு வந்தவன் எண்டு நினைக்காதீங்க, இது நான் கேட்டு எடுத்த பங்கில்ல.” அம்ஹா தேத்தண்ணீரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, “சாச்சா, உங்கட பங்கு எந்த அறையெண்டு சொல்லுங்க, நான் கூட்டித் துப்பரவா வெக்கிறன்” என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள், அவளுக்கு யாருடைய நாக்கு என்று உனக்குத் தெரியும். மனிதர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். பிறகு, “வீட்ட நான் தொட மாட்டன் மகள், என்ட பங்கு முழுக்க வயலுக்குள்ள எடுத்துக்கிறன். ஆனா உரித்துள்ள எல்லாரும் கையொப்பம் வெக்கணும். இந்த வயல் வெட்டுக்குப் பிறகு என்னால பொறுக்க ஏலாது” என்றார். அவருடைய மூத்தவளுக்குக் கலியாணம் பேசி முடித்திருக்கிறது, அவளுக்கும் வீடு வேண்டும், அவருக்கு வேறு வழி இல்லை. கையொப்பம் சேராவிட்டால் எல்லாவற்றையும் விற்றுப் பங்கு பிரிக்க வேண்டிவரும் என்று கேதீஸ்வரியும் சொன்னாள்.

அதனால்தான் மகள் உனக்கு எழுதுகிறேன். என் எட்டில் ஒன்றை, குசினியோடு சேர்த்து, அம்ஹாவுக்கு எழுதிவிட்டேன். இந்த வீட்டில் உனக்கு வந்த பங்கையும் நீ அவளுக்குக் கொடுத்து, சாச்சா தன் பங்கை வயலுக்குள் எடுக்கிற ஒழுங்குக்கும் கையொப்பம் வைத்தால் வீடு அவளுக்கு மிஞ்சும். வீட்டுக்குப் பதிலாகச் சாச்சாவுக்குப் போவது அம்ஹாவின் வயல் பங்கில்தான், வயலில் உன் பங்கு உனக்குத்தான், அதில் ஒரு பிடி மண்ணும் நான் கேட்கவில்லை. போனில் சொன்னபோது மருமகனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாய், அடுத்த முறை அவர் சொன்னதை மட்டும் சொன்னாய், உன் முடிவை நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. பங்கென்றால் பங்குதானே, நாளைக்கு எங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டுமே என்று மருமகன் சொன்னதாக நீ சொன்னாய். அவரில் எனக்கு மனஸ்தாபம் இல்லை, பெண் பிள்ளைகளைப் பெற்றவர் அப்படித்தான் யோசிப்பார். என்னுடைய வீடு சும்மாதானே கிடக்கிறது, வந்து இருங்களேன் உம்மா என்றும் சொன்னாய், நீ நல்ல மனதோடுதான் சொன்னாய். நான் வந்து ஒரு மூலையில் இருப்பேன், எனக்கு ஒரு பாயும் வெற்றிலைத் தட்டும் போதும். ஆனால் ராத்தாவின் வீட்டுக்குத் தங்கச்சிக்கு மாப்பிள்ளை வருவானா? நம்முடைய ஊரில் பெண்ணோடு வீடும் சேர்ந்தால்தான் மாப்பிள்ளை வாசல் மிதிப்பான், இது சரி என்று நான் சொல்லவில்லை, ஆனால் இதை மாற்றுகிற கெட்டிக்காரன் இன்னும் கல்முனையில் பிறக்கவில்லை. போன மாதம் ஒரு தரகர் வந்து வீடு யாருடைய பெயரில் என்றுதான் முதலில் கேட்டார், பிள்ளையின் பெயரை எழுந்து போகும்போதுதான் கேட்டார்.

இதை மருமகனுக்கும் வாசித்துக் காட்டு. உங்களுக்கும் இரண்டும் பெண்தான். மருமகன் பாலமுனையில் வாங்கின வளவுக் காணி இன்னும் அவருடைய பெயரில்தானே கிடக்கிறது. பிள்ளைகள் சின்னது, மாப்பிள்ளை வர இன்னும் காலம் கிடக்கிறது என்று சொல்ல வேண்டாம், உன் வாப்பாவும் அதையேதான் சொன்னார். பெற்றவர்கள் தங்கள் சீவியம் முடியும்வரை அதில் குடியிருக்கிற உரித்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு எழுதலாமாம், அடுத்த லீவில் வந்தால் கேதீஸ்வரியிடம் சரியாகக் கேட்டுச் செய்யுங்கள். நீங்கள் எழுதினால் அவர்கள் உங்களை வெளியே தள்ளிவிடுவார்கள் என்று பயமா? உன் பெரியவள் இப்போதே உன் கட்டிலைப் பிடித்துக்கொண்டாள் என்று நீதானே சொன்னாய், இனி என்ன தள்ளக் கிடக்கிறது.

கேதீஸ்வரி எழுதித் தந்த கடதாசி பர்ஸானிடம் இருக்கிறது. ஓம் என்றால் அங்கே நம் தூதரகத்தில் போய்க் கையொப்பம் வைத்து அனுப்பு. இல்லையென்றாலும் நீ என் மூத்த பிள்ளைதான், அதில் ஒரு மாற்றமும் இல்லை, உனக்கு அனுப்புகிற கருவாட்டிலும் குறைக்க மாட்டேன். ஆனால் இல்லை என்பதை நீயே அம்ஹாவிடம் சொல்ல வேண்டும், என் வாயால் அதைச் சொல்ல ஏலாது. ஏனென்றால் நான் உன்னைப் பற்றி யோசித்துக்கொண்டு இருந்தால் அவள் என்னைத்தான் ஏசுகிறாள், “ராத்தா ஓமெண்டுதான் சொல்லுவா, அவவுக்கு நேரமில்ல, சும்மா அவட உயிர வாங்காதீங்க உம்மா” என்கிறாள்.

உங்கள் நால்வரையும் அல்லாஹ் கண்ணேறு, நோய் நொடி இல்லாமல் பாதுகாத்து, கையில் பரக்கத்தையும் மனதில் விரிவையும் தருவானாக. தூதரகம் போகும்போது அடையாள அட்டையை மறக்காதே, உன் மறதியும் வாப்பாவின் மறதிதான். கருவாட்டை வெயிலில் ஒரு தரம் காட்டி எடு.

இப்படிக்கு,
உன் உம்மா,
சித்தி லைலா,
கல்முனைக்குடி.