தலையாட்டிய வாத்தியார்

அன்புள்ளவளுக்கு,

“இந்த கம்யூனிகேஷன் டிகிரி படிச்சா நம்ம பொண்ணுக்கு யாருங்க வேலை குடுப்பா?” என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். அது இருக்கட்டும், உன் முழங்கால் வலி தேவலையா?

ஓய்வு பெற்ற பின் விடுதிக் காப்பாளர் வேலை அலுப்பாகத்தான் இருக்கிறது. போன வாரம் லேசான மயக்கம். பதறாதே, இப்போது சரியாகிவிட்டது. மருத்துவர் சொன்னதற்கெல்லாம், என் வகுப்பில் புரியாமலே தலையாட்டிய பிள்ளைகளைப் போல நானும் தலையாட்டினேன். வெளியே, நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்ல மருத்துவமனையில் வேலைக்கு வைத்திருக்கும் ஒரு பெண் மடக்கினாள்.

“சார், டாக்டர் என்ன சொன்னாரு? எனக்குச் சொல்லுங்க.”

“நான் வாத்தியார்மா, எல்லாம் கேட்டுக்கிட்டேன்” என்று சமாளித்தேன்.

“வாத்தியாரா இருந்துட்டு பாடத்தைக் கவனிக்கலையா?”

நிதானமாக விளக்கி, என்னையே திருப்பிச் சொல்லவைத்தாள். சேர்த்து விழுங்கக் கூடாத இரண்டு மாத்திரைகளை நான் சேர்த்து விழுங்க இருந்தேன். அவள் படித்ததும் நம் பெண் கேட்கும் அதே கம்யூனிகேஷன்தான்.

“வேலைக்கு ரெண்டு வருஷம் அலைஞ்சேன் சார். இன்னும் நிரந்தரம் இல்ல” என்றாள். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

விடுமுறைக்குப் பிள்ளைகள் போய்விட்டார்கள். என் பழைய கண்ணாடியை அனுப்பு. கூடவே இரண்டு பக்கமாவது எழுது. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான்.

நம் பெண்ணை எதிரே உட்காரவைத்து, இந்தப் படிப்பு எதற்கென்று விளக்கச் சொல். அவள் சொன்னதை உன்னால் திருப்பிச் சொல்ல முடிந்தால், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிடு.